பேனும் ஏழ்மையும்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பள்ளிப் பிள்ளைகளின் தலைப் பேன் விஷயத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு பிள்ளையின் தலையில் பேன் கண்டால், "எந்த வீட்டுப் பிள்ளையிடமிருந்து வந்ததோ!" என்று குடும்பத்தையே இழித்துப் பேசுகிறோம். இது நியாயமா என்று ஆராய்வோம்.

ஏழ்மைக்கும் பேனுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையே. நம் பினாங்கு மாநிலத்தில், ஆதரவற்ற பிள்ளைகள் வாழும் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே 49 சதவீதப் பிள்ளைகளுக்குப் பேன் இருந்தது. ஆனால் காரணம் அழுக்கு அன்று, நெருக்கம். பேனுக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போதே அது ஊர்ந்து செல்கிறது. ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அதற்கு வழி எளிது. வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்க்கு, பிள்ளையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்க நேரம் ஏது? தினமும் குளிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் பேன் வரும். அங்கே மருந்து வாங்கப் பணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபியாவில் கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்கள் பேன் தொல்லையால் வருந்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை இழிவாக நோக்கவில்லை. இஹ்ராம் நிலையிலேயே தலைமுடியை மழித்துக்கொண்டு பரிகாரம் செய்ய அனுமதித்தார்கள். சஹாபி ஒருவருக்கு வந்தது மானக்கேடு ஆகுமா?

இனி, செய்ய வேண்டியவை. ஈர் பொரிக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகையால் பெர்மெத்ரின் மருந்தை ஒரு முறை இட்டால் போதாது. ஒன்பது நாள் கழித்து மீண்டும் இடவேண்டும். முடியை நனைத்துப் பேன் சீப்பால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் வாரவேண்டும். வீட்டிலுள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ள எல்லோருக்கும் சேர்த்தே மருந்திடவேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது கூடவே கூடாது. அடுப்பருகே சென்றால் உயிருக்கே ஆபத்து. தலைப் பேன் நோய் எதையும் பரப்புவதில்லை. எனவே பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவும் வேண்டாம்.

பட்டர்வொர்த் வியாபாரிகளாகிய நமக்கு இதில் பங்கு உண்டு. பேன் சீப்பும் சோப்பும் நம் கடைகளில்தானே விற்கின்றன? கடைப் பையனின் தங்கைக்குப் பேன் என்று கேள்விப்பட்டால், ஒரு சீப்பையும் மருந்தையும் யாருக்கும் தெரியாமல் அவன் கையில் கொடுத்தனுப்புவோம். நம் பிள்ளையும் அவளும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். அவள் தலை சுத்தமானால்தான் நம் பிள்ளையின் தலையும் சுத்தமாக இருக்கும்.