மலிவு விலையில் மரச் சுங்கான்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நஞ்சன்கூட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஹுன்சூர், பிரியாபட்டணம் புகையிலை வயல்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மைசூர் மாவட்டத்தில் மரம் கடையும் கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் சுங்கான் பிடிப்பவரைப் பார்ப்பது இங்கே அபூர்வம். ஆசை வந்துவிட்டதா? அதிகம் செலவழிக்காமல் தொடங்குவோம்.

என்ன மரம்?

பேர்பெற்ற சுங்கான்கள் பிரையரில் செய்தவை. மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு அது, எளிதில் கருகாது. நமக்கு மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஈட்டி, சீசம் மரத்தில் கடைந்தவை. அவ்வளவு சூடு தாங்காது என்றாலும் பழகிப் பார்க்கப் போதும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாலிஷை விடுங்கள்; கிண்ணத்துக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே வார்னிஷ் பூசியிருந்தால் வேண்டாம். சூடேறியதும் அதன் நாற்றம் புகையோடு வாய்க்கு வரும். அடுத்தது காற்றுத் துளை. அது கிண்ணத்தின் அடியை ஒட்டித் திறக்க வேண்டும். என் முதல் சுங்கானில் யானைமுகம் செதுக்கியிருந்தார்கள். அழகில் மயங்கி வாங்கினேன். துளை அரை அங்குலம் மேலே இருந்தது. அடியில் ஈரப் புகையிலை சகதியாகத் தேங்கி, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம். வெறும் சுங்கானை உறிஞ்சிப் பார்த்து, காற்று தடையில்லாமல் வந்தால் வாங்குங்கள்.

எவ்வளவு ஆகும்?

சில நூறு ரூபாய்க்குச் சுங்கான் கிடைத்துவிடும். புகையிலையை அழுத்தத் தட்டைத் தலை ஆணி ஒன்று போதும். துளையைத் துடைக்க பைப் கிளீனர் ஒரு கட்டு வாங்கிக்கொள்வோம். உண்மையான செலவு புகையிலைதான்: 50 கிராம் பை, சுங்கானைவிட விலை கூடலாம். ஒருமுறை நிரப்ப 2, 3 கிராம். ஆக சுமார் 20 முறை வரும். ஹுன்சூர் இலையை வயலிலேயே கேட்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். அது புகையிலை வாரியத்தின் ஏலத்துக்குப் போகிற சரக்கு.

எப்படிப் பிடிப்பது?

முதல் நாலைந்து முறை அரைக் கிண்ணம்தான். அடியில் தளர்வாக, நடுவில் சற்று இறுக்கமாக, மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தி நிரப்புவோம். பற்றவைத்ததும் புகையிலை உப்பி எழும். மெல்ல அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். பிறகு சூடான காபியை உறிஞ்சுவதுபோல் சிறுகச் சிறுக. அவசரப்பட்டால் நாக்கு எரியும், மரமும் கருகும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத சூடென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

சூடு ஆறும் முன் தண்டைக் கழற்றாதீர்கள், பொருத்து விரிசல் விடும். ஆறியபின் சாம்பலைக் கொட்டி, துளைக்குள் கிளீனரை விட்டு எடுத்து, ஒருநாள் காயவைப்போம். உட்சுவரில் படியும் கரியைச் சுரண்ட வேண்டாம். மரத்துக்கு அதுதான் கவசம். நாணயத் தடிமனைத் தாண்டினால் மட்டும் குறைக்கலாம்.

எச்சரிக்கை

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்பார்கள். நம்பாதீர்கள். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ஏறும். உதடு, நாக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாவற்றுக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. புகைப் பழக்கமே இல்லாதவர் சுங்கானை வாங்கி மேசையில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கர்நாடகத்தில் 21 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 1,000 ரூபாய் வரை. அந்தப் பணத்துக்கு இன்னொரு சுங்கானே வாங்கிவிடலாம்.