பயணிகள் ஒரு அமானிதம்: பேருந்து ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு பாடம்



நமது மஹல்லாவில் வேன், லாரி, ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் ஏராளம். வளைகுடாவில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இப்போது பேருந்து ஓட்டுநர் வேலையை நாடுகிறார்கள். பள்ளிப் பேருந்தோ, தனியார் பேருந்தோ, போக்குவரத்துக் கழகமோ, மாதச் சம்பளம் வரும். பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்கலாம்.

ஸ்டீயரிங் பிடிப்பதில் இவர்களுக்குக் குறையில்லை. கேள்வி கேட்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வினா-விடைப் புத்தகத்தை முதல்நாள் இரவு உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆய்வாளர் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: பயணிகள் பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் யாரோ ஒரு பயணியைக் காக்க எழுதப்பட்டது. அந்தப் பயணி யார் என்று தெரிந்து படித்தால் கேள்வி எப்படி வந்தாலும் பதில் வரும்.

முதலில் தகுதி

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி 20 வயது நிறையாதவர் போக்குவரத்து வாகனம் ஓட்டக் கூடாது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். படிவம் 1-ஏ என்னும் மருத்துவச் சான்று வேண்டும். கனரகப் பயணிகள் வாகனத்துக்கு ஓட்டுநர் பள்ளியின் பயிற்சிச் சான்றும் வேண்டும். வளைகுடாவில் ஓட்டிய சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கண்ணும் கையும் இங்கே இடப்பக்கத்துக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் காலி வண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்களை ஏற்றிய வண்டியில் வேண்டாம்.

எதிலிருந்து கேட்பார்கள்?

கணினித் தேர்வாக இருக்கலாம், எழுத்துத் தேர்வாக இருக்கலாம், ஆய்வாளரோ வேலை கொடுப்பவரோ வாய்மொழியாகவும் கேட்கலாம். பாடப்பகுதி பெரும்பாலும் ஒன்றுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 11ஆம் விதி நான்கு தலைப்புகளைச் சொல்கிறது: சாலைக் குறியீடுகளும் விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கடவில் எச்சரிக்கை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள். ஓட்டுநர் பள்ளிகளுக்கான பாடத்திட்டத்தைக் கூறும் 31ஆம் விதியில் தீத்தடுப்பு, முதலுதவி, மக்களோடு பண்பாக நடந்துகொள்ளும் முறை ஆகியவையும் உண்டு. பண்பும் பாடத்தில் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

பாடம் 1: வண்டி எடுக்கும் முன்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன் பிறகே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. புறப்படும் முன் தளத்தைப் பார்ப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை, உள்ளே ஒரு நடை. வெளியே டயர்கள், சக்கர நட்டுகள், விளக்குகள், கண்ணாடிகள், ஆயில் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். இரட்டை டயரில் ஒன்றில் காற்று இறங்கியிருந்தால் அது ஓட ஓடச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். உள்ளே தளம், படிக்கட்டு, கைப்பிடி, இருக்கைகள், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. அவசரக் கதவைத் திறந்தே பார்க்க வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் போதிய அளவு ஏறிய பிறகே நகர்த்த வேண்டும்.

சட்டத்தின் 190ஆம் பிரிவு இங்கே முக்கியம். பழுது தெரிந்தும் ஓட்டினால் குற்றம் என்பதோடு, சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டினாலும் குற்றம் என்கிறது அது. “நான் பார்க்கவில்லை சார்” என்பது பதிலாகாது.

பாடம் 2: ஏறும்போதும் இறங்கும்போதும்

ஓடும் வண்டியில் மட்டும் ஆபத்து இல்லை. நிற்கும் வண்டியிலும் உண்டு. வயதான வாப்பா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்திருப்பார். புர்காவின் ஓரமோ சேலைத் தலைப்போ கதவில் சிக்கியிருக்கும். இறங்கிய குழந்தை வண்டியின் முன்னால் குறுக்கே ஓடும். ஆகவே விசில் கேட்டாலும் இடக் கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்து, முன்னால் ஆள் இல்லை என்று கண்டபின்தான் நகர வேண்டும். முதியவரும் கைக்குழந்தையோடு ஏறிய தாயும் உட்காரும் வரை பொறுக்க வேண்டும்.

படிக்கட்டிலோ மேற்கூரையிலோ ஆள் ஏற்றுவதை 123ஆம் பிரிவு தடுக்கிறது. அது தொங்குபவருக்கு மட்டும் தடையல்ல, ஏற்றிச் செல்பவருக்கும் தடை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் 194-ஏ பிரிவின்படி கூடுதலாக உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை வண்டியை எடுக்கவும் விடமாட்டார்கள்.

பாடம் 3: ஓட்டும்போது

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதன் பிறகுதான். முன்வண்டியோடு இடைவெளி ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பேருந்தில் இன்னொரு காரணமும் உண்டு: திடீரென பிரேக் அடித்தால் வண்டி எதிலும் மோதாமலே நின்றிருப்பவர் விழுந்து அடிபடுவார்.

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம். இது நமக்கு வேண்டாத கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். அதே பிரிவு போதை மருந்தையும் சேர்த்துச் சொல்கிறது. சளி, அலர்ஜி மாத்திரைகளில் சில தூக்கம் வரவழைப்பவை. மருத்துவரிடம் “நான் பஸ் டிரைவர்” என்று சொல்லியே மருந்து வாங்குங்கள்.

தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று முன்பு நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 கூறியது. ரமலானில் தராவீஹும் சஹரும் தூக்கத்தைப் பாதியாக்கும். அந்த மாதத்தில் பகலில் உறங்கும் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வது நம் ஓட்டுநர்களுக்கு மிக அவசியம்.

பாடம் 4: ரயில்வே கேட்

ஆளில்லாக் கடவில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ கிளீனரோ வேறொருவரோ இறங்கி நடந்துபோய் இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்து வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். வேறு யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். இது 131ஆம் பிரிவு.

அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரி முடிவுக்குள் நீக்கப்பட்டதாக ரயில்வே அறிவித்தது. பிறகு ஏன் இந்தப் பாடம் என்று கேட்கலாம். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் கேட் கீப்பர் உள்ள கடவிலேயே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். கேட் திறந்திருக்கிறது என்பதால் ரயில் வரவில்லை என்று ஆகிவிடாது. எந்தக் கேட்டிலும் வேகம் குறைத்து, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, மறுபுறம் வண்டி முழுவதும் நிற்க இடம் இருக்கிறது என்று கண்ட பின்பே தண்டவாளத்தில் ஏற வேண்டும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது.

பாடம் 5: தீ

2013 அக்டோபர் 30 அதிகாலையில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சிறுபாலத்தின் கட்டையில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் உயிரிழந்தார்கள். தூக்கத்தில் இருக்கும் பயணிக்கு வெளியேறும் வழி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று இரவுப் பயணம் தொடங்கும் முன் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த வழியில் மூட்டை வைக்க விடாதீர்கள்.

புகை கண்டால் வரிசை இது: ஓரமாக நிறுத்து, என்ஜினை அணை, கதவுகளைத் திற, ஆட்களை இறக்கு, போக்குவரத்துக்கும் புகைக்கும் எட்டாத தூரத்துக்கு அனுப்பு. பையை எடுக்க யாரையும் திரும்ப ஏற விடக் கூடாது. ஆட்கள் இறங்கிய பின்பே தீயணைப்பான். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச நின்று தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும்.

பாடம் 6: விபத்து நேர்ந்தால்

134ஆம் பிரிவு சொல்லும் கடமைகள்: காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். காவலர் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும். காவலர் அங்கே இல்லையென்றால் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் அங்கே நிற்க இயலாமல் போகலாம் என்பதைச் சட்டமே ஏற்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்குச் செல்லும் கடமை போய்விடாது.

உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயங்கியவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீ போன்ற ஆபத்து இல்லாதவரை, அசைக்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பணம் கட்டாமல் பெறலாம். இதைக் குடும்பத்தார் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

வீட்டில் பயிற்சி

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் இஷாவுக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் கேட்க, தேர்வெழுதுபவர் பதிலோடு “ஏன்” என்பதையும் சொல்ல வேண்டும். தொடங்குவதற்குச் சில:

கேள்வி: பயணி ஒருவர் கேனில் பெட்ரோல் கொண்டு வருகிறார். மூடி இறுக்கமாக இருக்கிறது. ஏற்றலாமா?
பதில்: கூடாது. மூடி தாங்கினாலும் ஆவி கசியும். மூடிய வண்டியில் ஒரு பொறி போதும்.

கேள்வி: நேரம் தாமதமாகிவிட்டது. மாணவர்கள் படிக்கட்டில் நின்று உள்ளே வர மறுக்கிறார்கள்.
பதில்: அவர்கள் உள்ளே வரும் வரை வண்டி நகராது. தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: ஓட்டும்போது காற்றழுத்த எச்சரிக்கை ஒலிக்கிறது. டிப்போ இரண்டு கிலோமீட்டரில்.
பதில்: பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் பிரேக் கிடைக்காது.

கேள்வி: இரவில் இரண்டு பயணிகள் கைகலக்கிறார்கள்.
பதில்: ஓட்டியபடி வாக்குவாதம் செய்யக் கூடாது. வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தில் நிறுத்தி 112-ஐ அழைக்க வேண்டும். இருட்டில் யாரையும் இறக்கிவிடக் கூடாது.

உம்மாவும் லாத்தாவும் நல்ல பரிசோதகர்கள். தினமும் பேருந்தில் போய்வரும் அவர்களுக்கு, உட்காரும் முன் வண்டியை எடுத்தால் எப்படியிருக்கும் என்று எந்தப் புத்தகத்தையும் விட நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்டுப் படியுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு

கடினமான கேள்வி வேலையில் சேர்ந்த பிறகுதான் வரும். பிரேக் சரியில்லை என்று சொன்னால், “இன்று ஒரு டிரிப் ஓட்டு, நாளைக்குப் பார்க்கலாம்” என்பார் வண்டி உரிமையாளர். தாளில் எழுதிய பதிலை அப்போது அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் பழுதை வாயால் மட்டும் சொல்லாமல் தேதியிட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மறுப்பது ஓட்டுநர் மட்டுமல்ல, சட்டமும் அவரோடு நிற்கிறது என்பது எதிரில் இருப்பவருக்கும் புரியும்.

இதில் நம் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. நிக்காஹ்வுக்கு வண்டி பிடிக்கும்போது ஐம்பது இருக்கையில் எழுபது பேரை ஏற்றச் சொல்பவர்கள் பல நேரம் நாம்தான். “வேகமாகப் போங்க தம்பி, ஜமாஅத்து காத்திருக்கு” என்பதும் நாம்தான். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவரைப் பகலில் கடைக்கும் விருந்துக்கும் எழுப்புவதும் நம் வீடுகளில்தான். ஓட்டுநர் தன் அமானிதத்தைக் காக்க வேண்டுமானால் அவரை உறங்க விடுங்கள். அவர் “முடியாது” என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

தேர்வுக்குச் செல்லும் சகோதரர்கள் தேர்ச்சி பெறவும், அவர்களை நம்பி ஏறுகிறவர்கள் எல்லோரும் நலமாக வீடு சேரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.