நலம் விசாரித்தலும் நன்னூல் வினாக்களும்

மொழியின் தலையாய பணி கருத்தைப் புலப்படுத்துதல் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும் ஒரு நாளில் நாம் பேசுவனவற்றை எண்ணிப் பார்ப்போமாயின், அவற்றுள் பல எந்தச் செய்தியையும் தருவன அல்ல. காய்கறிப் பையோடு வருபவரைப் பார்த்து, "என்ன, கடைக்குப் போய் வருகிறீர்களா?" என்கிறோம். ஈரத் தலையோடு நிற்பவரிடம், "குளித்தாயிற்றா?" என்கிறோம். வினவுபவர்க்கு விடை தெரியும். அவர்க்குத் தெரியும் என்பது மற்றவர்க்கும் தெரியும்.

மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, நியூகினியை அடுத்த திரோபிரியாந்துத் தீவு மக்களோடு வாழ்ந்து அவர்தம் மொழியை ஆராய்ந்தவர். செய்தி கூறுவதற்காக அன்றி, பேசுவோரிடையே பிணைப்பு உண்டாதற்காகவே நிகழும் இத்தகைய பேச்சிற்கு அவர் 1923இல் ஒரு தனிப்பெயர் சூட்டினார். ரோமன் யாக்கப்சன் 1960இல் மொழியின் ஆறு பணிகளை வகுத்தபோது, தொடர்பைப் பேணுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இதனை 'உறவுப் பேச்சு' என நாம் வழங்கலாம். வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்க, இதனைப் பாராட்டலாமோ என ஐயுறுவாரும் உளர். அவ்வதிகாரம் 'புறங்கூறாமை'யை அடுத்து நிற்பதை அவர்கள் நோக்குவாராக. 'இனியவை கூறல்' வகுத்தவரும் அவரே அன்றோ!

நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகக் கொள்வர். "கடைக்குப் போய் வருகிறீர்களா?" என்பது இவற்றுள் எதில் அடங்கும்? விடையை அறிந்தே கேட்பதால் அறிவினா எனத் தோன்றும். ஆனால் அறிவினா, ஆசிரியர் மாணவனின் அறிவை அளந்தறியக் கேட்பது. இங்கே அளத்தற்கு ஒன்றுமில்லை. உறவுப் பேச்சில் சங்கடம் நேரும் இடங்களை நோக்கினால், ஓர் உண்மை புலனாகிறது. வினவுபவர் ஒரு வகையாகக் கருதிக் கேட்ட வினா, மற்றவர் செவியில் வேறொரு வகையாக விழுந்துவிடுகிறது.

திருமண விருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்று இரண்டாண்டுகளாக வேலை தேடும் இளைஞன் வந்திருக்கிறான். உறவினர் ஒருவரைக் காண்கிறான். சலாம் பரிமாறியாயிற்று. அடுத்து என்ன பேசுவது? "தம்பிக்கு இப்போ எங்கே வேலை?" என்கிறார் அவர். அவரளவில் அது அன்பு. நாவில் முதலில் வந்த சொல். அவனுக்கோ அது அறிவினா. பந்தி முழுதும் கேட்கும்படி வைக்கப்பட்ட தேர்வு. அடுத்த திருமணத்திற்கு அவன் வரமாட்டான். நம் பழைய மாணவர் சிலர் இதற்கு அஞ்சியே ஊர் நிகழ்ச்சிகளைத் தவிர்க்கின்றனர் என்பதை நாம் அறிவோம். மணமாகிச் சில ஆண்டுகள் ஆன பெண்ணிடம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்பது இதனினும் கொடிது.

பெரியோர் பொறுத்தருள வேண்டும், "வண்டியில் உட்கார இடம் கிடைத்ததா?" என்று கேட்கலாமே! உண்டு, இல்லை என்னும் இரு விடையுள் எதனைக் கூறினும் தலை குனிய வேண்டியதில்லை. சுவையற்ற வினா எனலாம். சுவையற்றிருப்பதே அதன் சிறப்பு.

இளைஞர்க்கும் இலக்கணத்தில் துணை உண்டு. நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றே நேரடியானவை. ஏனைய ஐந்தும் சுற்றி வந்து பொருள் தருவன. "எங்கே வேலை?" என்பதற்கு, "போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், மாமா" என்பது இனமொழி. "உங்கள் கடை வியாபாரம் எப்படி இருக்கிறது?" என்பது வினா எதிர் வினாதல். இரண்டும் பொய்யல்ல. தேர்வுக்காக மனப்பாடம் செய்த நூற்பா பந்தியில் கைகொடுப்பது நன்றுதானே!

பேருந்தில் அருகிருப்பவரிடம் நாம் முதலில் கேட்பது, "எந்த ஊர்?" என்பது. நல்ல வினா. "ஊரில் எந்தத் தெரு?" என்று தொடரும்போது அது என்ன வினா என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் வினாவோடு நிறுத்தி, மழையைப் பற்றிப் பேசுதல் நலம். பேருந்து நிறுத்தத்தில் எதிர்ப்படும் ஆசிரியரும் மாணவரும் இன்று செல்பேசியில் முகம் புதைத்துக்கொள்கின்றனர். அதனினும், "பேருந்து இன்னும் வரவில்லையா, ஐயா?" என்பது எவ்வளவோ மேல்.

நலம் விசாரித்தல், துக்கம் விசாரித்தல் என்கிறோம். காவலர் குற்றவாளியை விசாரிப்பதற்கும் இதே சொல்தான். நோயாளியின் கட்டிலருகே நின்று, "எப்போதிருந்து? ஏன் முன்பே காட்டவில்லை?" என்று அடுக்குவோர் இரண்டாவது பொருளிலேயே விசாரிக்கின்றனர். இதே நோயால் மாண்ட மற்றொருவரின் கதையை அங்கே விரித்துரைப்போரும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

துக்க வீட்டில் இது மேலும் கூர்மையாகிறது. "எப்படி நேர்ந்தது?" என்று வருவோர் எல்லாரும் கேட்க, இறந்தவரின் மகன் கடைசி இரவின் கதையைப் பகல் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அறியாவினாதான், ஆயினும் அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு அப்போது இல்லை. "ஒரு வாய் தேநீராவது குடித்தாயா?" என்பது கொடைவினா, கையில் கோப்பையோடு கேட்க வேண்டியது. சொல் வராதவர் சற்று நேரம் அருகில் அமர்ந்திருந்தால் போதும். மற்ற இடங்களில் 'போகிறேன்' என்பதை மங்கலமாகப் 'போய் வருகிறேன்' என்று சொல்லும் நம் மக்கள், பல ஊர்களில் துக்க வீட்டில் மட்டும் அதனையும் சொல்லாமல் எழுந்து செல்வர்.