குதிரையை இழுக்கும் வண்டி

அமெரிக்காவில் குதிரை வளர்ப்பவர்களுக்குப் போட்டியானாலும் வைத்தியமானாலும் பிக்கப்பும் டிரெய்லரும்தான் கதி. எந்த பிக்கப் என்று கேட்டால் ஆளுக்கொரு வேதம் ஓதுவார்கள்.

நம்பிக்கை: “ஐந்து டன் இழுக்கும் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறானே!”

உண்மை: போட்டிருப்பது பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற தரவிதிப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து ஏற்றத்தை அளவுகோலாக வைத்து, ஏசி ஓட ஓடச் சோதித்து வாங்கிய எண் அது. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 68 கிலோவில் இரண்டே பேர். (68 கிலோவில் நிற்கும் அமெரிக்க ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.)

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று. 650 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குதிரை டிரெய்லர் காலியாக 1,400 கிலோ, குதிரைகள் 1,000, தண்ணீர், புல், சேணம் எல்லாம் 200. ஆக 2,600. இதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும். அதிகபட்சம் 390 கிலோ. அதுவும் பிக்கப் சுமக்கும் சரக்குதான். மிச்சம் 260. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் ஏறினால் தீர்ந்தது. இழுவைத் திறனில் ஏறக்குறைய பாதி சும்மா கிடக்க, சுமைத் திறன் விளிம்புக்கு வந்துவிட்டது. சுமையைப் பின்னால் தள்ளிக் கொக்கி எடையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வேகமெடுத்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கும்.

நம்பிக்கை: “எஞ்சின் பலமாக இருந்தால் போதும்.”

உண்மை: ஏற்றத்தில் திணறினால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். வினை இறக்கத்தில் இருக்கிறது; அங்கே டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். போதாததற்கு, குதிரை மூட்டை மாதிரி கிடக்காது. கால் மாற்றும், வளைவில் சாயும், அதன் எடையும் உயரத்தில் இருக்கிறது. அந்த ஆட்டத்தைத் தாங்கப் பிக்கப்புக்குச் சொந்த எடையும் முன் பின் சக்கரங்களுக்கிடையே நீளமும் வேண்டும். குட்டையான எஸ்யூவியை டிரெய்லரே திருப்பிவிடும்.

நம்பிக்கை: “டிரெய்லரில்தான் பிரேக் இருக்கிறதே.”

உண்மை: அங்கே பெரும்பாலும் மின் பிரேக். ஓட்டுநர் அருகே பிரேக் கன்ட்ரோலர் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி, கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுக்க வேண்டும். கொக்கி கழன்றால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சின்ன பேட்டரியையும் சோதியுங்கள். அது செத்துக் கிடப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

நம்பிக்கை: “நான்கு சக்கர இழுவை கட்டாயம்.”

உண்மை: ஈரப் புல்வெளியிலிருந்து வெளியேற உதவும். நிறுத்த உதவாது. அதன் கூடுதல் எடையும் சுமைத் திறனில்தான் கழியும். கண்ணாடிக் கூரைக்கும் இதே கதைதான்.

சந்தேகமிருந்தால் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கிறது. குதிரை, குடும்பம், தண்ணீர் சகிதம் ஏறி நின்றால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின் அச்சின் எண்ணைத்தான்; கொக்கியின் சுமை இறங்குவது அங்கேதான்.