பழைய பிக்-அப் வண்டிக்குப் புதிய அதிர்வுதாங்கி தெரிந்தெடுக்கும் முறை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுப்பதற்கென 1956-ஆம் வருஷத்தில் கார்ப்பொரேஷன் ஸ்தாபிக்கப்பட்ட பின்னர் எழுந்த நகரியத்தின் வீதிகள் அகன்றும் செவ்வையாகவும் அமைந்தவை. ஆயினும் அந்நகரியத்திற்குப் பலாவும் காய்கறியும் ஏற்றிவரும் பிக்-அப் வண்டிகள் தங்கள் உழைப்பின் பெரும்பகுதியை அவ்வீதிகளில் கழிப்பதில்லை. காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் முதலிய ஊர்ப்புறங்களின் செம்மண் தடங்களிலும், வடகிழக்குப் பருவமழையில் பள்ளம் விழும் கிராமச் சாலைகளிலும் குலுங்கிய பின்னரே அவை தார்ச்சாலையை அடைகின்றன. இத்தகைய ஓட்டத்தில் முதலில் தளர்ந்துபோகும் உறுப்புக்களில் ஒன்று, ‘ஷாக் அப்சார்பர்’ எனப்படும் அதிர்வுதாங்கியாகும். அதை மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பண்ணைக்காரர்கள் அறிந்திருத்தல் நலம்.

அதிர்வுதாங்கியின் தொழில்.— வண்டியின் பாரத்தைச் சுமப்பது வில், அதிர்வுதாங்கி அன்று. பள்ளத்தில் இறங்கி ஏறிய வில், தடையின்றி விடப்படின் பலமுறை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அதிர்வுதாங்கியின் வேலை. குழாயினுள் உள்ள எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே பிஸ்டன் தள்ளுகையில் ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறித் தணிகிறது. அது கெட்டுப்போயின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்திற்குப் பிரேக் பிடிப்பதாற் பயனில்லை. ஆகையால் இது பிரயாண சுகத்தை மட்டுமன்று, உயிர்களையும் பற்றிய விஷயமாகும்.

கெட்டதை அறிதல்.— குழாயின்மேல் மெல்லிய ஈரக்கசிவு இருப்பது குற்றமன்று. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருப்பின் அது கெட்டதே. டயரின் ஓரத்தில் கிண்ணம் கிண்ணமாகத் தேய்வு காணுதல், பிரேக் பிடிக்கையில் முகப்பு மிகத் தாழ்தல், பள்ளம் கடந்த பின்னும் பின்புறம் துள்ளிக்கொண்டிருத்தல் ஆகியனவும் அடையாளங்களாம். வண்டியைக் கையால் அமுக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனை, வில் தகடுகள் கொண்ட பின்புறத்திற்குப் போதாது. தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிக் குற்றத்தை மறைத்துவிடும்.

முதலில் வில்லைப் பார்க்க.— கடைக்குச் செல்லுமுன், வில் தகடு முறிந்துள்ளதா, தொய்ந்துள்ளதா, ரப்பர் புஷ்கள் தேய்ந்துள்ளனவா, டயரின் காற்று சரியா என ஆராய வேண்டும். தொய்ந்த வில்லின்மேல் எத்தனை உயர்ந்த அதிர்வுதாங்கியைப் பொருத்தினும் அது விரைவில் அடிபட்டுக் கெடும்.

வகைகள் மூன்று.— இரட்டைக் குழாயும் எண்ணெயும் மட்டும் கொண்டது முதல் வகை. இது விலை மலிவு. குறைந்த பாரத்திற்கும் நல்ல சாலைக்கும் ஏற்றது. தொடர்ந்து குலுங்கினால் எண்ணெய் நுரைத்து வலிமை குன்றும். இரட்டைக் குழாயுள் தாழ்ந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்தது இரண்டாம் வகை. வாயு நுரையைத் தடுப்பதால், பாரத்துடன் கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிக்கு இது பெரும்பாலும் தகுந்தது. ஒற்றைக் குழாயுள் மிகுந்த அழுத்தத்தில் வாயு உள்ளது மூன்றாம் வகை. இது விரைவில் வெப்பத்தை வெளியிடும். எனினும் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே உரசி ஓடுவதால், தெறித்த கல்லால் குழாய் நசுங்கினால் அது பயனற்றதாகிவிடும். செம்மண் தடக்காரர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடினமானதே சிறந்தது என்பது பிழை.— காலையில் நிறைபாரமாகப் பலாப்பழம் ஏற்றிச்சென்று மாலையில் வெறும் வண்டியாகத் திரும்பும் ஒரு குடியானவரை நினைத்துக்கொள்வோம். அவர் மிகக் கடினமானதை வாங்கினால், வெறும் வண்டி துள்ளிப் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும்; பொருத்துமிடத்தின் இரும்பும் நாளடைவில் வெடிக்கும். ஆகையால் வண்டி பெரும்பாலான நாட்களில் சுமக்கும் பாரத்தையே அளவாகக் கொள்க. அதிர்வுதாங்கி எவ்வளவு உயர்ந்ததாயினும் வண்டியின் சுமைத்தகுதி ஒரு மணங்கும் கூடாது.

அளவும் வாங்குதலும்.— பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணைக் காட்டி உரிய பாக எண்ணைப் பெறுக. முற்றும் நீட்டிய நீளம், முற்றும் அமுக்கிய நீளம், முனைகளின் அமைப்பு ஆகிய மூன்றும் பழையதுடன் ஒத்திருக்க வேண்டும். வில்லுக்குக் கூடுதல் தகடு சேர்த்திருப்பின் வண்டியின் உயரம் மாறியிருக்கும். அதை அளந்தே வாங்குக. நீளமானது அடியில் முட்டும். குட்டையானது இழுபட்டு அறும். எண்ணெய் மாற்றிப் புதியதெனத் தரும் பழைய சரக்கில் வால்வும் சீலும் தேய்ந்திருக்குமாதலால் அதை விலக்குக.

பொருத்தல்.— ஒரே அச்சின் இரு பக்கத்திலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் வகையை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை நீட்டி அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பின் பொருத்துக. பிஸ்டன் தண்டைக் குறட்டாற் பிடித்தல் கூடாது. கீறல் விழின் சீல் கிழியும். புஷ் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றிய நிலையிலேயே இறுக்குக. அன்றேல் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். கழற்றிய வாயு வகையைத் துளையிடுவதும் தீயிலிடுவதும் அபாயம். பழைய எண்ணெயை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு.— மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவோருக்கு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாம். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். சரக்கு வண்டியில் கூலியாட்களை ஏற்றிச்செல்லும் வழக்கம் விலக்கத்தக்கது. தளர்ந்த அதிர்வுதாங்கியுடன் வளைவில் திரும்பும் வண்டி சாயுமாயின், பின்னால் நிற்போருக்குப் பிடிப்பு ஏதுமில்லை. பலாப் பருவத்திற்கு முன்னரும் மழைக்காலத்திற்கு முன்னரும் வண்டிகளைப் பார்வையிடுமாறு உடைமையாளர்களுக்கு எடுத்துச் சொல்வது பெரும் உபகாரமாகும்.

இரண்டு அதிர்வுதாங்கிகளின் விலையை மிச்சம் பிடிப்பவர், டயரிலும் நசுங்கிய பழத்திலும் அதை இழக்கக்கூடும். உயிரிழப்பு நேருமாயின் அதை எவ்விலையாலும் மீட்க இயலாது.