பெரிய துளை போட பேட்டரி மெஷின் வாங்கப்போகும் தம்பிக்கு

தச்சு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கடைக்குப் போய், "நல்ல பவரான பேட்டரி டிரில் கொடுங்க" என்று கேட்கிறார்கள். கையில் கிடைப்பதை வாங்கி வருகிறார்கள். ஸ்க்ரூ முடுக்குகிறவரை குறை தெரியாது. தேக்கு நிலையில் ஒன்றரை இன்ச் துளை போடும் அன்று சாயம் வெளுத்துவிடும். மெஷின் விலை சாமானியமல்ல என்பதால் இவற்றைச் சொல்கிறேன்.

1. மெஷினுக்கு முன்னால் துளையை யோசி. எந்த மரம், எத்தனை இன்ச், எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எத்தனை? அலமாரிக் கதவின் கப் கீலுக்கு 35 மி.மீ. துளை வேண்டும், ஆழம் 12 மி.மீ. சுமார், அதுவும் பெரும்பாலும் பிளைவுட்டில். உருண்டைப் பூட்டுக்கு 54 மி.மீ., அதாவது இரண்டு இன்ச் ஒரு நூல். கதவின் முழுக் கனத்துக்கும் போக வேண்டும். குறுக்களவு இரட்டித்தால் குடைந்தெடுக்கும் மரம் நான்கு மடங்கு ஆகிறது. மரம் வேங்கை என்றால் தேக்கைவிட இன்னும் கடினம். கீல் துளைக்குப் போதுமான மெஷின் பூட்டுத் துளையில் மூச்சு வாங்கும்.

2. வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்காதே. 18 வோல்ட் என்று எழுதிய மெஷினும் '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியதும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டிலும் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்து தொடராக இருக்கும். வேலை செய்யும்போது 18. சார்ஜ் நிறைந்த கணத்தில் 20-ஐத் தொடும். 12 வோல்ட் மெஷினில் மூன்று செல். கைக்கு அடக்கமானது, கீல் வேலைக்கு நன்றாக இருக்கும். ஆனால் முழுக் கதவைக் குடைய அதை வாங்காதே.

3. உண்மையில் பார்க்க வேண்டியது முறுக்கு விசை. கடையில் 'டார்க்' என்பார்கள். நியூட்டன் மீட்டர் என்ற அளவில் அச்சிட்டிருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண்தான் இருக்கும். விவரத்தாளைத் திறந்தால் பல கம்பெனிகள் இரண்டு எண் கொடுத்திருக்கும்: ஒன்று 'ஹார்ட்', ஒன்று 'சாஃப்ட்'. ஹார்ட் என்பது சட்டென்று முட்டி நிற்கும் நொடியில் மெஷின் காட்டும் உச்சம். மரத்தைக் குடைவது அப்படிப்பட்ட வேலை அல்ல. துளை முடியும்வரை விடாமல் இழுக்க வேண்டும். அதற்குச் சாஃப்ட் எண்தான் கிட்டத்தட்ட சரியான அளவுகோல், அது ஹார்ட்டில் பாதிதான் இருக்கும். பிளைவுட்டில் கீல் துளைக்கு சாஃப்ட் 25 சுமார் இருந்தால் போதும். தேக்கிலும் வேங்கையிலும் இரண்டு இன்ச்சுக்கு மேல் அடிக்கடி போடுகிறவன், சாஃப்ட் 50-க்கும் ஹார்ட் 100-க்கும் குறையாமல் வாங்க வேண்டும் என்பது என் தீர்மானம். மோட்டார் பிரஷ்லெஸ் ஆகவே இருக்கட்டும். கார்பன் தேய்மானம் இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் வேலையும் வரும்.

"மரத்தில் அதிகபட்சம் இத்தனை மி.மீ." என்றும் தாளில் போட்டிருப்பார்கள். அது எந்த பிட்டுக்குச் சொன்னது என்று பார். சுருள் பிட்டான ஆகருக்கு ஓர் அளவு, வளையமாக அறுக்கும் ஹோல்சாவுக்கு வேறு அளவு.

4. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாக் அண்ட் டெக்கர் 1961-ல் நிக்கல் காட்மியம் பேட்டரியோடு கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்தபோது அதற்கு வலு மிகக் குறைவு; லித்தியம் வந்த பிறகுதான் பேட்டரியில் பெரிய துளை என்ற பேச்சே சாத்தியமாயிற்று. 2 ஆம்பியர் ஹவர் பேக்கில் பொதுவாக ஐந்து செல், 4-ல் இரண்டு வரிசையாகப் பத்து. நேரம் கூடுவது மட்டும் அல்ல, சுமை ஏறும்போது மின்சாரத்தை இரண்டு வரிசை பகிர்ந்து கொடுப்பதால் மெஷின் சோர்வதில்லை. அதே மெஷினில் சின்ன பேக்கைப் போட்டால் துளை பாதியில் கட் ஆகி நிற்கும்.

மலிவாக விற்கும் மாற்று பேக்குகளில் எச்சரிக்கையாக இரு. 18650 என்ற வகை செல் ஒன்று 45 கிராம் அளவு எடை. பத்து செல் உள்ள பேக், மேல் கூட்டையும் சேர்த்தால் அரைக் கிலோவைத் தாண்டியாக வேண்டும். உள்ளே செல் குறைந்திருந்தால் தராசில் வைத்ததும் தெரிந்துவிடும். சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதே. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவைக்காதே.

5. பெரிய துளைக்கு எப்போதும் முதல் கியர். இரண்டாவது கியரில் போட்டால் வேகம் வரும், முறுக்கு வராது, மோட்டார்தான் கருகும்.

6. பிட்டைப் பிடிக்கும் சக் 13 மி.மீ. ஆக இருக்கட்டும். பெரிய பிட்டுகளின் தண்டு 10 மி.மீ. சக்கில் நுழையாமல் போகலாம். மரத்துக்கு ஹேமர் தேவையே இல்லை. இம்பாக்ட் டிரைவரின் 170, 180 என்ற டார்க் எண்ணைக் கண்டு ஏமாறாதே. அது தட்டித் தட்டித் திருகுவது, ஸ்க்ரூவுக்கு உகந்தது. ஹோல்சாவை அதில் மாட்டினால் பல் போய்விடும்.

7. பக்கக் கைப்பிடி இல்லாத வலுவான மெஷினைத் தொடாதே. இதை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். 100 நியூட்டன் மீட்டர் மெஷின், பிட் மரத்தில் சிக்கிய நொடியில் உன் கையைத் திருப்பும். பிடி அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தத் திருப்பு 60 கிலோவுக்கு மேல் எடையைத் திடீரென்று கையில் சுமத்துவதற்குச் சமம். மணிக்கட்டு தாங்காது. ஏணியில் நின்றால் ஆளே விழுவான். துளை மறுபக்கம் பிளந்து வெளியேறும் அந்தக் கடைசி நூல் கனத்தில்தான் பெரும்பாலும் சிக்கும். அங்கே அழுத்தத்தைக் குறை.

8. பிட்டுக்கும் காசு ஒதுக்கு. மழுங்கிய பிட்டோடு எந்த மெஷினும் தோற்கும். கீலுக்கு ஃபோர்ஸ்ட்னர், ஆழமான துளைக்கு ஆகர், இரண்டு இன்ச்சுக்கு மேல் ஹோல்சா. ஹோல்சா வளையத்தை மட்டும் அறுப்பதால் சுமை குறைவு. ஆனால் தூள் வெளியேற வழி இல்லை. கொஞ்சம் அறுத்ததும் வெளியே இழுத்துத் தட்டிவிட வேண்டும். பைலட் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, கதவைத் திருப்பி, அந்தச் சிறு துளையிலேயே மறுபடி வைத்து அறு. இரு முகமும் பிசிறில்லாமல் நிற்கும். புகை வந்தால் பல்லையும் வேகத்தையும் பார், அழுத்திப் பயனில்லை.

9. நாள் முழுக்க மூன்று இன்ச் துளைதான் வேலை, பிளக் பாயிண்டும் பக்கத்தில் இருக்கிறது என்றால், வேகம் குறைவான வயர் மெஷினே வாங்கு. பேட்டரி மெஷின் மின்சாரம் வராத கட்டடத்துக்கு.

10. கடைக்குப் போகும்போது நீ வேலை செய்யும் மரத்தில் ஒரு துண்டும் உன் பிட்டும் கொண்டுபோ. முதல் கியரில் போட்டு, ஒரே மூச்சில் மறுபக்கம் வருகிறதா, நடுவில் கட் ஆகிறதா என்று பார். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதே, தம்பி.