415 யாருடைய சுருதி?

அன்புள்ள மீனாட்சிக்கு,

வெனிஸ் இசையமைப்பாளர் காஸ்டெல்லோவின் 1629 தொகுதியில் தனி மேல்குரலுக்கான இரண்டாம் சொனாட்டாவை எடுத்திருக்கிறாய் என்றதும் மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தின் கடைசிக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது: “பழைய வயலின் என்றால் 415-இல்தானே சுருதி சேர்க்க வேண்டும்?”

யார் இதை உங்கள் தலையில் ஏற்றுகிறார்கள்? 415 ஹெர்ட்ஸ் என்பது இருபதாம் நூற்றாண்டில் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இன்றைய 440-க்கு அரை ஸ்வரம் கீழே. ஹார்ப்சிகார்டின் கட்டைவரிசையை ஓரிடம் நகர்த்தினால் முடிந்தது. பாக்கின் லைப்ஸிக்குக்கு அது ஓரளவு பொருந்தும். நூறாண்டு முந்தைய வெனிஸுக்குப் பொருந்தவே பொருந்தாது.

வெனிஸில் வயலினோடு சேர்ந்து வாசித்த ஊதுகருவி கார்னெட்டோ. வளைந்த மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டி, மேலே கறுப்புத் தோல் சுற்றியிருப்பார்கள். முறுக்காணியைத் திருகிச் சுருதி மாற்ற அதில் வழியில்லை. மரத்தின் நீளமே சுருதி. எஞ்சியிருக்கும் கார்னெட்டோக்களில் பல 465-ஐ ஒட்டி ஒலிக்கின்றன. நீ சொல்லும் 415-க்கு ஒரு முழு ஸ்வரம் மேலே! ரோமிலோ 390-ஐ ஒட்டிய தாழ்ந்த சுருதி. ப்ரூஸ் ஹேய்ன்ஸ் 2002-இல் வெளியிட்ட சுருதி வரலாற்று நூலை எங்கிருந்தாவது தேடிப் படி. நான் அதை மேசையை விட்டு எடுப்பதில்லை.

இன்னொன்று. காஸ்டெல்லோ தன் நூலொன்றின் முகப்பில் தன்னை ஊதுகருவிக் குழுவின் தலைவர் என்றே குறிப்பிடுகிறார். ஆகவே அவருடைய வேகமான ஓட்டங்களுக்கு வழி கேட்க வேண்டியது ஊதுகிறவர்களிடம். ஜிரோலமோ டல்லா காசா 1584-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் கார்னெட்டோவுக்கு நாக்கசைவுகளைச் சொல்லித்தருகிறார்: ‘லெரெ லெரெ’, ‘தெரெ தெரெ’, ‘தெக்கெ தெக்கெ’. பாடகரின் தொண்டைப் பிருகாவுக்கு மிக நெருக்கமானது முதலாவதுதான் என்கிறார். ஓட்டத்தின் எல்லா ஸ்வரங்களையும் ஒரே எடையில், தையல் இயந்திரம் போல அடித்துக்கொண்டு போகும் இன்றைய பழக்கத்தை இந்த ஒரு பக்கமே தகர்த்துவிடும். இதைப் படிக்காமல் வில்லைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி.

415-க்குக் கட்டிய குடல் தந்தியை அப்படியே 465-க்கு ஏற்றாதே, அறுந்துவிடும். ஒரு சுற்று மெல்லியதாக மாற்று. கீழ்த் தந்தியும் உலோகம் சுற்றாத வெறும் குடலாகவே இருக்கட்டும். சுற்றுத் தந்தி 1660-ஐ ஒட்டித்தான் வருகிறது. பிறகு, வில்லைத் தொடும் முன், சொனாட்டாவின் வேகமான ஓட்டம் முழுவதையும் ‘லெரெ லெரெ’ என்று வாயால் சொல்லிப் பார். நாக்கு தடுமாறாத வேகம் எதுவோ, அதில் வாசித்து ஒலிப்பதிவு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்